புதுப்பிப்பு: தங்கையின் 1,000 ரூபாய் எங்கே போனது?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன், ஞாபகம் இருக்கா? கும்பகோணத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நாங்கள் நாலு பேர், வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஜூனியர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம். அவர்களில் ஒரு தங்கைக்கு மட்டும் புதுமைப் பெண் பணம் (அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு அரசு மாதம் தரும் 1,000 ரூபாய்) வரவே இல்லை, ஏன் என்று கேட்டிருந்தேன்.

பணம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, வேறு கணக்குக்கு! ஆதார் வழியாகப் போடும் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்ததோ அங்கேதான் விழும். இங்கே ஒருவர் சொன்னபடி ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டுப் பார்த்தோம். அவள் மறந்தே போயிருந்த வங்கியின் பெயர் வந்தது. பள்ளியில் முகாம் நடத்தித் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கு.

பாஸ்புக் வீட்டு டிரங்குப் பெட்டியில். அம்மா நடவுக்குப் போயிருந்தார், சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சேற்றுக் காலோடு வந்து பெட்டியைத் திறந்தார். ரேஷன் கார்டோடு ஒரே பாலித்தீன் உறையில் இருந்தது. மறுநாள் வங்கியில் பதிந்தால் ஆறு மாதப் பணம் அப்படியே கிடக்கிறது. "இதுக்குத்தான் வட்டிக்கு வாங்கினேனா?" என்றார் அம்மா. எங்களுக்குப் பதில் வரவில்லை.

இன்னொரு தம்பியின் கதை முடியவில்லை. ஆதிதிராவிடர் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானம் பிரச்சினையே இல்லை, சான்றிதழ்தான் காலாவதி. இ-சேவையில் புதிதாக விண்ணப்பித்திருக்கிறோம். வந்ததும் எழுதுகிறேன்.