பக்கத்தில் ஆள் இருந்தால் உடம்பு ஏன் மாறுகிறது?

புதுஆற்றங்கரை:
காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும், தெரிந்ததுதான். புது ஆற்றங்கரையில் தனியாக ஓடினால் கடைசியில் கால் கனத்துவிடும். ஒருநாள் விடிகாலையில் புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிளில் ஒரு பெரியவர் என் பக்கத்திலேயே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கிலி மட்டும் கிறீச்சிட்டது. முந்தவும் மாட்டார், பின்தங்கவும் மாட்டார். மதகடியில் கடிகாரத்தைப் பார்த்தால் நேரம் மிச்சம்! தேர்வு மைதானத்திலும் கூட்டத்துக்கு நடுவே ஓட்டம் நன்றாகவே அமைந்தது. அதே கூட்டம் பார்க்கக் கயிறு ஏறும்போது மட்டும் பாதியில் கை பூட்டிக்கொண்டது. இன்றும் உறுத்துகிறது.

ஆரூர்க்காரன்:
ஆள் இருந்தால் பலம் கூடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. திருவாரூர் ஆழித்தேர் வடம் பிடித்தவன் நான். "ஆரூரா, தியாகேசா" முழக்கம் காதைப் பிளக்கிறது. என் உள்ளங்கையிலோ வடம் தொய்ந்து கிடக்கிறது. முன்னால் நிற்பவர் முகம் சிவக்கக் கத்துகிறார், கையில் இழுப்பே இல்லை. பின்னால் புல்டோசர் தள்ளும்போது யாருக்கு என்ன கவலை? ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் வெளியிட்டதும் இதைத்தான்: கயிறு இழுக்க ஆள் கூடக் கூட, தலைக்கு இழுப்பு குறைந்தது.

வலங்கைமான்வாசி:
ஆரூர்க்காரரே, எல்லாவற்றையும் சோம்பல் கணக்கில் எழுதாதீர்கள். எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காவிட்டாலும் பலம் சிதறும். தவிர, தேரில் உங்கள் பங்கை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. தம்பியைச் சைக்கிள்காரர் பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்கு நடந்தது சின்னது: கபடியில் மாமனார் வந்து உட்கார்ந்ததும் பாடிப்போன மூச்சு நடுக்கோட்டிலேயே அறுந்தது.

தம்பி, துணையோடு ஓட்டும் சைக்கிள் வீரர்களுக்கு வேகம் கூடுவதை அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1898இலேயே எழுதிவிட்டார். உங்கள் கயிற்றுக்கு விடை 1965இல் உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் சொன்னது: கைவந்த வேலை பிறர் முன்னால் மெருகேறும், கைவராதது தடுமாறும். எனவே வேப்பங்கிளையில் கயிறு கட்டி, முதலில் கைவரும்வரை தனியாக ஏறிப் பழகுங்கள். பிறகு தெருப்பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, கூச்சல் போடச் சொல்லி ஏறுங்கள். தேர்வன்று வரிசையில் உங்களுக்கு முன் ஏறுபவரைப் பார்க்காதீர்கள். வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம்.

புதுஆற்றங்கரை:
அண்ணா, கயிறு நான் பள்ளிக்கூடத்திலேயே ஏறிப் பழகியது. ஓட்டம்தான் எனக்குப் புதிது.

ஆரூர்க்காரன்:
இப்போது ஸயோன்ஸ் என்ன சொல்கிறார், வலங்கைமான்காரரே?