வெளிநாட்டில் சாப்பிடப் போன இடத்தில் நடந்து, இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒன்று: எழுதுங்கள்

ஹட்டன் மகள்

சிங்கப்பூர். தம்பி அங்கே வேலை பார்க்கிறான். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தான். ஆர்ச்சர்ட் வீதிப் பக்கம் ஒரு பெரிய தேநீர் விடுதி. பட்டியலில் நம் நுவரெலியாத் தேயிலைக்கென்று தனியாக ஒரு வரி, ஒரு கெண்டி 14 டாலர். இலங்கைக் காசில் மூவாயிரத்தைத் தொடும். 2021இல் தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்குள் நாம் பட்டதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆயிரத்தைப் பார்க்காமலே அம்மா ஓய்வுக்கு வந்துவிட்டார்.

கெண்டி வந்ததும் அம்மா மூடியைத் திறந்தார். ஊறிய இலையைக் கரண்டியால் கொஞ்சம் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து விரலால் பரப்பினார். கடைசிக் காலத்தில் தொழிற்சாலையில் தண்டு பொறுக்கிய கை அது. நிறம் பார்த்தார், முகர்ந்தார், சிவந்த தண்டு ஒன்றை நகத்தால் ஒதுக்கினார். "இலை நல்ல இலைதான். ஆனால் இந்தத் தண்டை விட்டிருந்தால் டீமேக்கர் (தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் அதிகாரி) எங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார்" என்றார்.

அதற்குள் பரிமாறும் பையன் ஓடி வந்தான். சிரித்த முகத்தோடுதான் அம்மாவின் கையிலிருந்து மூடியை வாங்கினான், கெண்டியை மூடினான், தட்டில் கிடந்த இலையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனான். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார். தேநீர் நன்றாகவே இருந்தது. அந்த மூடியை வாங்கியதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நானுஓயாக்காரன்

கோபப்படாதீர்கள் சகோதரி, அந்தப் பையன் மேல் குற்றம் இல்லை. கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் பரிமாறியவன் நான். விருந்தினர் சூடான கெண்டியைத் திறந்தால் ஓடிப்போய் நிற்க வேண்டும் என்றுதான் எங்களைப் பழக்கினார்கள். வயதானவர் கை சுட்டுவிட்டால் அவன் வேலை போய்விடும். எதிரில் இருப்பவர் யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பண்டாரவளை

எங்களுக்கு பாங்காக். நவராத்திரி சமயம், வீட்டுக்காரி ஒன்பது நாளும் மரக்கறிதான். அங்கே வெறும் கீரைப் பொரியலில்கூட மீன் சாறோ சிப்பிச் சாறோ ஊற்றிவிடுவார்கள். யாவராத் தெருவில் ஒரு தள்ளுவண்டி, ஒரு நடுத்தர வயது அம்மா. கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினோம். படித்துப் பார்த்துவிட்டுத் தாச்சியைக் கழுவினார். மூங்கில் தூரிகையால் தேய்த்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் கழுவினார். மீன் சாற்றுப் போத்தலைத் தூக்கி என் மனைவியின் முகத்துக்கு நேரே காட்டி, வண்டிக்குக் கீழே வைத்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, அவர் அவசரப்படவில்லை. ஊரில் "மீன் குழம்பை விலக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று சொல்லும் கடைக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் தெரிந்தது, அங்குள்ள சீனர்களின் ஒன்பது நாள் மரக்கறி விரதமும் அநேகமாக நம் நவராத்திரியை ஒட்டியே வரும். அந்த நாட்களில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. சீலோம் வீதி மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டி வியாபாரி

ஹட்டன் தங்கச்சி, 14 டாலர் என்று பட்டியலில் இருந்தால் பில்லில் 14 வராது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்ததா? அப்படியென்றால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 9 சதவீதம் வரி. 100 டாலருக்குச் சாப்பிட்டால் 119 டாலர் 90 சதம். வரி 2024 ஜனவரியில்தான் 8இலிருந்து 9 ஆனது.

என் கதை சின்னது. சிங்கப்பூரில் சீன உணவகம் ஒன்றில் உட்கார்ந்ததும் அவித்த கச்சானும் (நிலக்கடலை) ஈரத் துண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். நம் ஊர்ச் சைவக் கடையில் வடைத் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள், எடுத்ததற்கு மட்டும் காசு. நாங்கள் கச்சானைத் தொடவே இல்லை. பில்லில் இரண்டும் இருந்தன. கேட்டால், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமாம். காசு பெரிதில்லை, கேளாமல் வைத்ததற்கு விலை போடுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே முதல் தடவை போகிறவர்கள் ஹாக்கர் நிலையங்களில், அதாவது சிறு கடைகள் பல சேர்ந்திருக்கும் பொது உணவு நிலையங்களில் சாப்பிடுங்கள். அங்கே சேவைக் கட்டணம் கிடையாது. லிட்டில் இந்தியாப் பக்கம் தேக்காவில் தோசையும் பிரியாணியும் தாராளமாகக் கிடைக்கும். மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள், உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து சட்டம் அது. ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, மற்றதற்குத் தனி அடுக்கு, பார்த்து வையுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், போத்தல் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

ஹட்டன் மகள்

நானுஓயா அண்ணனுக்கு: கரண்டியால்தான் எடுத்தார் என்று எழுதியிருக்கிறேன். கை சுடும் என்று யாருக்குச் சொல்கிறீர்கள்? ஒரு நிமிடம் நின்று, என்ன பார்க்கிறீர்கள் அம்மா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த விடுதிக்காரருக்கே தெரியாத விடயத்தை அம்மா சொல்லியிருப்பார். கண்டி அண்ணா, பில்லைத் தம்பி கொடுத்தான். என் பேச்சு காசைப் பற்றியது அல்ல.

பதுளை

கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாடு. சோறு போட்ட பெரியவர் என் பேச்சைக் கேட்டதும் வாளியோடு நின்றுவிட்டார். எந்த நாடு, எந்த ஊர் என்றெல்லாம் கேட்கவில்லை. "எந்தத் தோட்டம்?" அதுதான் முதல் கேள்வி. சொன்னேன். அவர் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவராம். லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டுவிட்டார்கள் என்றார். தன் அப்பா பால் வெட்டப் போன நேரத்தைச் சொன்னார், நான் என் அம்மா பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம்) போன நேரத்தைச் சொன்னேன். அதற்குள் அடுத்த மேசையில் ரசம் கேட்டுக் கூப்பிட்டார்கள். போகும்போது நான் கேட்காமலே இன்னொரு அகப்பை சோறு போட்டுவிட்டுப் போனார். அவர் பெயரைக் கேட்க நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

யாராவது போனால்: கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். சோறும் மரக்கறியும் எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள், மீனுக்கும் இறைச்சிக்கும்தான் தனிக் காசு. மதியக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள். பிந்தினால் பரிமாறுகிறவர்களோடு பேச வாய்ப்பே இருக்காது.