டிவியில் படம் திக்குகிறது, சிலதில் சத்தமே இல்லை: டிவிடி ரிப் கோப்புகள் குறித்து உதவி தேவை

முற்றத்துவீடு (மன்னார்குடி):
வணக்கம். அப்பா சேர்த்து வைத்த ஒரிஜினல் பட டிவிடிகள் எண்பது சொச்சம், அக்கா கல்யாண டிவிடி மூன்று. ஐப்பசி மழையில் உறைகளில் பூசணம் பூக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் எல்லாவற்றையும் மேக்எம்கேவி என்ற மென்பொருளில் கோப்புகளாக எடுத்து (அதாவது ரிப் பண்ணி) ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். டிஸ்க்கை ரவுட்டரின் யுஎஸ்பியில் செருகிப் பகிர்ந்திருக்கிறேன்.

வீட்டில் ஒவ்வொன்றும் ஒரு ஜாதி. அப்பாவின் விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பில் எல்லாம் ஓடுகிறது. என் விண்டோஸ் 10 லேப்டாப்புக்கு அந்த டிஸ்க் கண்ணிலேயே படவில்லை. ஆண்ட்ராய்டு டிவியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டே நிற்கிறது, சில படங்களில் சத்தமும் வரவில்லை. ரவுட்டர் ரேழியில், டிவி முற்றம் தாண்டி இரண்டாம் கட்டில். ரிப் பண்ணும்போதே கெடுத்துவிட்டேனா?

வெண்ணாறு:
கெடுத்திருந்தால் டெஸ்க்டாப்பிலும் ஓடாது. முதலில் நெட்வொர்க்கை விலக்கிப் பாருங்கள். திக்குகிற ஒரு படத்தை பென்டிரைவில் போட்டு நேராக டிவியில் செருகுங்கள்.

முற்றத்துவீடு:
பென்டிரைவில் ஏற மறுக்கிறது சார். கோப்பு 4.4 ஜிபி, பென்டிரைவில் 20 ஜிபி காலி இருக்கிறது.

வெண்ணாறு:
அந்த பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு!

முற்றத்துவீடு:
போட்டேன். படம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆனால் சத்தம் இல்லாதவற்றில் இப்போதும் இல்லை.

குடந்தை டிகிரி காபி:
அப்படியானால் இரண்டும் வேறு வேறு வியாதி தம்பி. சத்தம் வராத கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து கோடெக் விவரம் (படமும் சத்தமும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன என்பது) பாருங்கள். ஒலி முறை டிடிஎஸ் என்று இருக்கும் என்று நினைக்கிறேன். பல டிவிகளுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. அந்தக் காலத்துப் பட டிவிடிகளில் டால்பி, டிடிஎஸ் இரண்டு டிராக்கும் இருப்பது உண்டு. நீங்கள் ஒன்றை மட்டும் டிக் செய்து எடுத்திருக்கலாம். மறுபடி ரிப் பண்ணச் சோம்பலாக இருந்தால், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் வீடியோவைத் தொடாமல் ஆடியோவை மட்டும் ஏசி3 (அதுதான் டால்பி) ஆக்குங்கள், சில நிமிட வேலை.

வெண்ணாறு:
திக்குவதற்கு வருவோம். 2 மணி நேரப் படம் 4.4 ஜிபி என்றால் நொடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட். சாதாரண வைஃபைக்கே இது தூசு. ஆனால் உங்கள் சுவர் எவ்வளவு கனம்?

முற்றத்துவீடு:
ஒன்றரை அடி. அப்படி இரண்டு சுவர்.

வெண்ணாறு:
போதும், காரணம் கிடைத்துவிட்டது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினாலும் பயனில்லை, அது சுவரில் இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை கவலை இல்லை. டிவியின் லேன் போர்ட் 100 மெகாபிட்தான் என்றாலும் இதற்குத் தாராளம். பிவிசி குழாய்க்குள் விட்டு இழுங்கள். அறுவடை முடிந்ததும் எலியெல்லாம் வயலை விட்டு வீட்டுக்குத்தான் வரும். என் முதல் கேபிள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

குடந்தை டிகிரி காபி:
லேப்டாப்புக்கு டிஸ்க் தெரியாத கதை தனி. பழைய ரவுட்டர்கள் பல எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையில் மட்டும்தான் பகிரும். விண்டோஸ் 10இல் 2017 கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் அது பெரும்பாலும் இருக்காது. தேடிப்பிடித்து ஆன் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், செய்யாதீர்கள். அதே 2017இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். அப்பாவின் டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, டிஸ்க்கை அதில் மாட்டி சாம்பா என்ற பகிர்வு மென்பொருளில் பகிருங்கள். டிவியில் படம் ஓட்டும் கோடி ஆப் போடுங்கள் (பெயர்தான் கோடி, காசு கிடையாது). கரண்ட் போய் வருகிற ஊர், அந்த டெஸ்க்டாப்புக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம்.

முற்றத்துவீடு:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கேபிள் இழுத்தாயிற்று, திக்கல் போயிற்று. லேப்டாப்பும் டிஸ்க்கைப் பார்க்கிறது. டிடிஎஸ் படங்கள் பதினொன்று இருந்தன, மாற்றிவிட்டேன். மின்ட் வந்ததில் அப்பாவுக்குத்தான் கோபம், சீட்டு விளையாட்டு எங்கே என்கிறார்.

கல்யாண வீடியோவில் மட்டும், யாராவது கையை ஆட்டினால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு வருகிறது.

வெண்ணாறு:
இன்டர்லேஸ் செய்த வீடியோ அது. ஒரு பிரேமை இரண்டு பாதியாக எடுத்திருப்பார்கள். கோடியில் படம் ஓடும்போது வீடியோ செட்டிங்கில் டீஇன்டர்லேஸ் இருக்கும். நிரந்தரமாக வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அதே பெயரில் ஃபில்டர் உண்டு. பழைய டெஸ்க்டாப் என்பதால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

முற்றத்துவீடு:
கோடு போய்விட்டது, நன்றி சார். கடைசியாக ஒன்று. முகூர்த்தத்தில் நாதஸ்வரமே கேட்கவில்லை என்று அம்மாவுக்குக் குறை. மூல டிவிடியையே போட்டுப் பார்த்தேன். வீடியோக்காரர் அன்றைக்கே கெட்டிமேளத்தை வெட்டிவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார். இதற்கு ஏதாவது வழி உண்டா?

வெண்ணாறு:
இல்லை.

குடந்தை டிகிரி காபி:
எங்கள் வீட்டுக் கல்யாண டிவிடியிலும் அதே கதைதான்.