வாரண்டி இருக்கும்போதே டேப்லெட் திரைக்குப் பணம் கேட்கிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து

வணக்கமுங்க. ஈரோட்டுக் கடையில் வாங்கிய ஆண்ட்ராய்டு டேப்லெட், வாரண்டி இன்னும் முடியவில்லை. திரையின் வலது ஓரத்தில் தொட்டால் வேலை செய்வதில்லை. இப்போது அதே பக்கம் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடும் வந்துவிட்டது. கீழே விழவில்லை, கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். எத்தனை முட்டைத்தொகுதி, எந்தப் பருவம், புழு வளர்க்கும் மனையின் வெப்பம், தழை போட்ட நேரம் எல்லாம் இதில்தான் எழுதி வைப்பேன். சாயங்காலம் பொண்ணு பாடம் பார்ப்பாள். கோயமுத்தூர் சர்வீஸ் சென்டரில் புழு மனையில் பயன்படுத்துவோம் என்று சொன்னதுமே, "ஈரம் இறங்கியிருக்கும், வாரண்டியில் வராது, டிஸ்ப்ளேவுக்குப் பணம் கட்டணும்" என்று சொல்லிவிட்டார்கள். திறந்தே பார்க்கவில்லை, எழுதியும் எதுவும் தரவில்லை. கேட்கும் தொகை டேப்லெட் விலையில் பாதிக்கு மேல். வழி சொல்லுங்க.

பதில்: திருப்பூரிலிருந்து, சர்வீஸ் வேலை பார்ப்பவர்

அக்கா, திறக்காமல் ஈரம் என்று சொல்ல யாராலும் முடியாது. பெரும்பாலான டேப்லெட்டுகளுக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும். உங்கள் கண் முன்னால் பிரித்து அதைக் காட்டச் சொல்லுங்க, போட்டோ எடுத்துக்கோங்க.

அதற்கு முன் வீட்டிலேயே சிலது பார்த்துவிடுங்க. கோடு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனில் திறந்து பாருங்க. அந்தப் படத்தில் கோடு இல்லையென்றால் கோளாறு டிஸ்ப்ளேயிலோ அதன் பட்டைக் கேபிளிலோ இருக்கிறது. படத்திலும் இருந்தால் சாஃப்ட்வேர் அல்லது போர்டு. டச்சுக்கு, செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷனில் 'பாயின்டர் லொகேஷன்' (விரல் போகும் தடத்தைக் கோடாகக் காட்டுவது) போட்டு விரலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுங்க, வேலை செய்யாத இடத்தில் கோடு அறுந்து நிற்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டுச் செய்யணும், மட்டமான சார்ஜர் இருந்தால் டச் தாறுமாறாகத் துள்ளும். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்க. திரை ஓரம் தூக்கியிருந்தால் பேட்டரி ஊதியிருக்கலாம், சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிடுங்க.

பதில்: சத்தியமங்கலத்திலிருந்து

நானும் புழு வளர்ப்பவன்தானுங்க. மனையில் எழுபது, எண்பது சதவீத ஈரப்பதம் இல்லாமல் புழு வளராது. ஆனால் காற்றில் ஈரம் இருப்பது வேறு, தண்ணீர் உள்ளே போவது வேறு. கம்பெனி கையேட்டில் எவ்வளவு ஈரப்பதம் வரை பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறதா பாருங்க. ஐபேடுக்கு, நீர்த்துளி படியாத வரை 5 முதல் 95 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் மாடலுக்கும் அதுபோல் இருந்தால் அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்க.

ஒன்று மட்டும் கவனம். ப்ளீச்சிங் பவுடர், சுண்ணாம்புத் தூள் தூவும்போது டேப்லெட்டை வெளியே வைத்துவிடுங்க. அந்தத் தூள் சார்ஜ் ஓட்டையில் இறங்கினால் உள்ளே அரித்துவிடும்.

பதில்: ஈரோட்டிலிருந்து

வாய்ப்பேச்சை நம்பி வராதீங்க. இதில் முக்கியம் ஜாப் ஷீட்தான், அதாவது ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சர்வீஸ் சென்டரில் எழுதித் தரும் சீட்டு. கொடுத்த தேதி, சீரியல் நம்பர், நீங்கள் சொன்ன குறை, அவர்கள் மறுத்தால் அதற்கான காரணம், எல்லாம் அதில் வரணும். எழுதித் தரமாட்டோம் என்றால், நடந்ததை அங்கிருந்தே கம்பெனியின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்க. பில்லையும் வீடியோவையும் சேர்த்து அனுப்புங்க.

அதற்கும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோயமுத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போடணும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றிங்க. ஸ்கிரீன்ஷாட்டில் கோடு வரவில்லை. வீடியோவோடு போய், பிரித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் மறுப்பை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். மேலாளரே வந்து பிரிக்கச் சொன்னார். ஸ்டிக்கர் வெள்ளையாகத்தான் இருந்தது. வாரண்டியிலேயே டிஸ்ப்ளே மாற்றித் தருவதாக ஜாப் ஷீட்டில் எழுதிவிட்டார்கள், பார்ட் வரணும். உள்ளே இருக்கும் கணக்கெல்லாம் அழிந்துவிடுமா?

பதில்: திருப்பூரிலிருந்து

டிஸ்ப்ளே மட்டும் மாற்றினால் பொதுவாக அழியாது அக்கா. ஆனாலும் பல இடங்களில் ரீசெட் செய்துவிடுகிறார்கள், அதனால் முழுவதையும் வேறெங்காவது ஏற்றி வைத்துவிட்டே கொடுங்க. திரும்ப வாங்கும்போது, கையெழுத்துப் போடும் முன் அங்கேயே நின்று மூலை முடுக்கெல்லாம் டச் இழுத்துப் பாருங்க. புதுத் திரைக்கு எதுவரை வாரண்டி என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கோங்க.