பெரிய டெக் கம்பெனிகள் சின்ன கேம் ஸ்டுடியோக்களை எதற்கு வாங்குகின்றன?

ராத்திரி_ஆட்டக்காரன்:
நேற்றுதான் ஹை-ஃபை ரஷ் கேமை முடித்தேன். நாம் அடிக்கிற அடி, எதிரி ஓங்குகிற கை, பின்னால் ஓடும் இயந்திரங்கள்கூட பாட்டின் தாளத்துக்கே அசைகின்றன. யார் செய்தது என்று தேடினால் டேங்கோ கேம்வொர்க்ஸ், 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அதை மூடுவதாக அறிவித்துவிட்டதாம். மனசே ஆறவில்லை. மூடுவதற்கா காசு கொடுத்து வாங்குகிறார்கள்?

குமிழ்விசை:
டேங்கோவைத் தேடிப்போய் வாங்கவில்லை நண்பரே, 2021ல் அதன் தாய் நிறுவனமான செனிமேக்ஸை 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது கூடவே வந்தது. வாங்கக் காரணம், மைக்ரோசாஃப்டின் சந்தா சேவையான கேம் பாஸ். மாதச் சந்தா கட்டுகிறவருக்குப் புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிடுவார். ஒரு டீமைப் புதிதாகச் சேர்த்து நல்ல கேம் எடுக்கப் பல வருஷம் ஆகும், வாங்கினால் ஆள், அனுபவம், கேமின் உரிமை எல்லாம் ஒரே கையெழுத்தில் வந்துவிடும். அப்புறம் ஒரு நல்ல சேதி, 2024 ஆகஸ்டில் தென்கொரிய கேம் நிறுவனமான கிராஃப்டன் டேங்கோ டீமையும் ஹை-ஃபை ரஷ் உரிமையையும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது.

மழைநாள்:
கூகுளையும் பாருங்கள். இணையம் வழியே கேம் ஆடவைத்த தன் ஸ்டேடியா சேவைக்காக 2019 டிசம்பரில் டைஃபூன் ஸ்டுடியோஸை வாங்கியது, 2021 பிப்ரவரியில் சொந்தமாக கேம் எடுப்பதையே நிறுத்தியது. டைஃபூன் செய்த தப்பு எதுவும் இல்லை, மேலே திட்டம் மாறியது, அவ்வளவுதான். அந்த டீமில் இருந்தவர்கள் ரக்கூன் லாஜிக் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கி, டைஃபூனில் தாங்கள் எடுத்த சேவேஜ் பிளானட் கேமின் உரிமையைத் திரும்ப வாங்கி, 2025ல் அடுத்த பாகத்தையும் வெளியிட்டார்கள்.

ஆறுபேர்_டீம்:
விற்கிறவர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். நான் வேலை செய்த சின்ன ஸ்டுடியோவில் எக்செல் ஷீட்டின் மேலே ஒரு கட்டம் இருக்கும், கையில் இருக்கும் பணம் இன்னும் எத்தனை மாதத்துக்கு என்று. அது 2 ஆனபோது யாரும் கேமைப் பற்றிப் பேசவே இல்லை, வாடகையைப் பற்றித்தான் பேச்சு. டபுள் ஃபைன் ஸ்டுடியோவும் சைக்கோநாட்ஸ் 2 கேமுக்குப் பணம் போதாமல் பாஸ் சண்டைகளை, அதாவது பெரிய வில்லன்களோடு மோதும் கட்டங்களை, வெட்டியிருந்தது, 2019ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகுதான் அவற்றைத் திரும்பச் சேர்த்தது. அதனால் விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூடினால் உரிமை எங்களுக்கே திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கேட்டுப் பார்க்கலாம், கிடைப்பது கஷ்டம், ஆனாலும் கேட்க வேண்டும்.

ராத்திரி_ஆட்டக்காரன்:
கிராஃப்டன் விஷயம் தெரியாது, ரொம்ப நன்றி. சேவேஜ் பிளானட் முதல் பாகத்தை இன்றைக்கே இறக்குகிறேன்.