சூப்பர் மேரியோ லேண்ட் 2: கடைசிக் கோட்டைக்கு வழி சொல்லுங்கள்

நண்பர்களே, கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் 1989-இல் வந்த சூப்பர் மேரியோ லேண்ட் வீடியோ கேமை முடித்த கையோடு, 1992-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இறங்கியிருக்கிறேன். முதலாவதில் மொத்தமே 12 கட்டங்கள், மேரியோ எறும்பளவு, சேமிக்கும் வசதியும் கிடையாது. ஆனாலும் நீர்மூழ்கியில் ஏறிச் சுட்டுக்கொண்டே போகும் அந்தக் கட்டத்தின் துடிப்பு இதில் எங்கே? இங்கே உருவங்கள் பெரியவை, விரும்பிய பகுதிக்கு முதலில் போகலாம், கேரட் தின்றால் முயல் காதுகளை ஆட்டி மெல்ல இறங்கலாம். சுலபம்தான், சற்று அளவுக்கு மீறிய சுலபம். பிறகு வில்லன் வாரியோவின் கோட்டை! செத்தால் பாதியிலிருந்து தொடர உதவும் மணி நடுவழியில் இல்லவே இல்லை, செத்தால் தொடக்கத்திலிருந்து. உயிர்கள் தீர்ந்தால் கோட்டையைத் திறக்கும் ஆறு தங்க நாணயங்களும் பறிபோகின்றன. அங்கே கேரட்டோடு நுழைவதா, தீப்பந்து எறிய வைக்கும் நெருப்புப் பூவோடா? உயிர்களைச் சேர்க்க எந்தப் பகுதி நல்லது? முடித்தவர்கள் சொல்லுங்கள்.