காவேரிக்கரை சொந்தங்கள் குழு: கார்த்திக்கின் டிக்ரி காப்பி

கார்த்திக், ஆஸ்டின்: பெரியப்பா, தை மாதம் நடக்கப்போகும் என் மறு கல்யாணத்தைப் பதிவு செய்ய என் டைவர்ஸ் டிக்ரி, அதாவது விவாகரத்துத் தீர்ப்பு வேண்டும் என்று சொன்னீர்களே, என்னிடம் இருப்பது வக்கீல் அன்றைக்கு மெயிலில் அனுப்பிய பிடிஎஃப் மட்டும்தான். முத்திரை இல்லை. அப்புறம் கல்யாணப் பெண்ணை இங்கே அழைத்துக்கொள்ள ஐ-130 மனு போடும்போதும் இதைத்தான் கேட்பார்களாம். எங்கே போய் வாங்குவது? கூகிளில் தேடினால் "கோர்ட் ரெக்கார்டு உடனே" என்று வரிசையாகத் தளங்கள் வருகின்றன. எல்லாமே முதலில் கார்டு நம்பரைக் கேட்கின்றன.

சுமதி அத்தை, ஹூஸ்டன்: கார்டு நம்பரைப் போட்டுவிடாதே! அதெல்லாம் தனியார் கடை. பணத்தைக் கட்டியதும் உன் பெயர், பழைய முகவரி எல்லாம் ஒரு பக்கத்தில் போட்டுக் காட்டுவார்கள், மாதச் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். கோர்ட் முத்திரை போட்ட காப்பியை அவர்களால் தரவே முடியாது. நான் ஆபீஸ் முடிந்து வந்து எழுதுகிறேன்.

செந்தில் சித்தப்பா, நியூ ஜெர்சி: ஃபோயா போடுடா. தகவல் உரிமைச் சட்டம் இங்கேயும் இருக்கிறதே. இல்லையென்றால் பேசர் என்று அரசாங்கத் தளமே இருக்கிறது, பக்கத்துக்கு 10 சென்ட்தான்.

பெரியம்மா, கும்பகோணம்: 🙏 காலை வணக்கம். கார்த்திக், சாப்பிட்டாயா?

கார்த்திக்: சாப்பிட்டேன் பெரியம்மா. இங்கே ராத்திரி.

கார்த்திக்: அத்தை, ஒரு சந்தேகம். மாநிலச் சுகாதாரத் துறைக்குப் போன மாதமே எழுதினேன், ஒரு கடிதம் வந்திருக்கிறது. இரண்டு பேர் பெயர், தேதி, ஹாரிஸ் கவுன்ட்டி (ஹூஸ்டன் இருக்கிற மாவட்டம்) என்று போட்டிருக்கிறது. இது போதாதா?

சுமதி அத்தை: போதாது. அதற்குப் பெயர் வெரிஃபிகேஷன் லெட்டர். 1968-லிருந்து டெக்சாஸில் நடந்த விவாகரத்துகளுக்கு ஆஸ்டினில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் உன் பெயர் இருக்கிறது என்று மட்டும் அந்தக் கடிதம் சொல்லும். டிக்ரி அவர்களிடம் கிடையாது. ஆனால் கடிதத்தைத் தூக்கிப் போடாதே. கவுன்ட்டியும் தேதியும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

செந்தில், நீ சொன்ன இரண்டுமே இதற்கு ஆகாது. ஃபோயா மத்திய அரசு அலுவலகங்களுக்கு. கோர்ட் அதில் வராது. டெக்சாஸின் தகவல் சட்டமும் நீதித்துறையைத் தொடாது. பேசர் ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு மட்டும். திவால் வழக்கு தேட வேண்டுமானால் அங்கே போகலாம், விவாகரத்து ஒருநாளும் அங்கே இருக்காது.

கார்த்திக், கோர்ட் காகிதம் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த கவுன்ட்டியில் தீர்ப்பானது, அங்கே ஆவணங்களை வைத்திருக்கும் எந்த அதிகாரியிடம், அதாவது கிளார்க்கிடம், வழக்குக் கட்டு இருக்கிறது. நீ இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்பது கணக்கே இல்லை. ஆஸ்டினில் டிராவிஸ் கவுன்ட்டி கோர்ட்டுக்குப் போனால் கையை விரித்துவிடுவார்கள்.

கார்த்திக்: ஹாரிஸ் கவுன்ட்டி கிளார்க் ஆபீஸுக்கு போன் செய்தேனே, அங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சுமதி அத்தை: நீ கூப்பிட்டது கவுன்ட்டி கிளார்க். கல்யாண லைசென்ஸ், வீட்டுப் பத்திரம், உயில் வழக்கு எல்லாம் அவரிடம். விவாகரத்து டிஸ்ட்ரிக்ட் கோர்ட் வழக்கு, அது டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும். ஒரே ஊர், ஒரே கவுன்ட்டி, ஆனால் தனித்தனியாகத் தேர்தலில் ஜெயித்து வந்த இரண்டு பேர், இரண்டு ஆபீஸ். மக்கள்தொகை மிகக் குறைந்த சில கவுன்ட்டிகளில் மட்டும் ஒரே ஆள் இரண்டையும் பார்ப்பார். எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் தப்பான கவுன்ட்டருக்குத்தான் போய்விட்டு வருகிறார்கள்.

பெரியப்பா, கும்பகோணம்: சுமதி, இங்கே என்றால் நகல் மனு போட வேண்டும். வழக்கு எண், வருடம் இல்லாமல் மனுவை வாங்கவே மாட்டோம். அங்கே எப்படி?

சுமதி அத்தை: இங்கேயும் நம்பர் இருந்தால் சுலபம் அண்ணா. காஸ் நம்பர் என்பார்கள். ஹாரிஸில் முதலில் வருடம், பிறகு வரிசை எண். அது இல்லாவிட்டாலும் பெயரை வைத்துத் தேடலாம். டிஸ்ட்ரிக்ட் கிளார்க் தளத்தில் ஒரு கணக்கு திறந்து, கட்சிக்காரர் பெயர் என்ற இடத்தில் போட்டுப் பார்.

*மறுநாள்*

கார்த்திக்: கணக்கு திறந்துவிட்டேன். என் பெயரில் எதுவும் இல்லை என்கிறது 😐

சுமதி அத்தை: வரும், பொறு. நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பாடுதான். கோர்ட் கம்ப்யூட்டர் கடைசிப் பெயரை வைத்து அடுக்கும். நமக்குக் கடைசிப் பெயர் என்பது அப்பா பெயர், அதையும் ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருப்போம். அதனால்:

ராமலிங்கம் கடைசிப் பெயர் என்று போடு. வரவில்லையா, கார்த்திக்கைக் கடைசிப் பெயராகப் போடு. நீ ஆங்கிலத்தில் கடைசியில் சி, கே இரண்டையும் எழுதுகிறவன். வெறும் கே மட்டும் வைத்தும் தேடு. ராமலிங்கத்தில் ஹெச் சேர்த்திருக்கிறார்களா பார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்பதையே முதல் பெயராகப் பதிந்திருப்பார்கள், அதையும் ஒரு முறை தட்டிப் பார்க்கலாம். எதுவும் சரிப்படவில்லை என்றால் உன் முதல் மனைவியின் பெயரில் தேடு. மனு போட்டது அவள்தானே? முதலில் அவள் பெயர்தான் இருக்கும்.

பெரியம்மா: நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் அவள் பெயரை எதற்கு எடுக்க வேண்டும்?

சுமதி அத்தை: கம்ப்யூட்டரில்தானே அண்ணி எடுக்கிறான்.

கார்த்திக்: கிடைத்துவிட்டது!! முதல் பெயர் ராமலிங்கம், கடைசிப் பெயர் கார்த்திக் என்று தலைகீழாகப் பதிந்திருக்கிறார்கள். 246-வது டிஸ்ட்ரிக்ட் கோர்ட். உள்ளே போனால் நீளமாக ஒரு பட்டியல். மனு, பதில், நோட்டீஸ், என்னென்னவோ. எல்லாவற்றையும் ஆர்டர் போட வேண்டுமா?

சுமதி அத்தை: ஐயையோ, வேண்டாம். சான்றிட்ட காப்பிக்குப் பக்கத்துக்கு 1 டாலர் கணக்கு. முழுக் கட்டையும் கேட்டால் காசு போகும், உனக்கு உபயோகமும் இல்லை. ஃபைனல் டிக்ரி ஆஃப் டைவர்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை மட்டும் கேள். சேர்ந்து ஒப்புக்கொண்ட வழக்கு என்றால் முன்னால் அக்ரீட் என்று இருக்கும். கடைசிப் பக்கத்தில் நீதிபதி கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடு. கையெழுத்தாகாத வரைவும் சில சமயம் அதே கட்டில் கிடக்கும்.

சான்றிட்ட காப்பி என்று தெளிவாகக் கேள், காகிதத்தில் கேள். வெறும் காப்பி என்றால் நீ வைத்திருக்கிற பிடிஎஃப் மாதிரிதான் வரும். நேரில் வருவதானால் டவுன்டவுனில் கரோலைன் தெரு 201, சிவில் கோர்ட் கட்டடம். கவுன்ட்டரில் காகிதத்தை எடுத்துத் தருவார்கள். "இது விசாவுக்குச் செல்லுமா" என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள். சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

பெரியம்மா: அப்படியானால் இதை யார் வேண்டுமானாலும் படிக்கலாமா? இப்போது பார்த்திருக்கிற பெண் வீட்டாரும்?

சுமதி அத்தை: டெக்சாஸில் படிக்கலாம் அண்ணி. நீதிபதி சீல் வைத்தால் ஒழிய கோர்ட் கட்டு பொதுச் சொத்துதான். பேங்க் கணக்கு எண், சோஷியல் செக்யூரிட்டி எண் போன்றவற்றை மறைக்க விதி இருக்கிறது. நியூயார்க்கில் நேர்மாறு. அங்கே விவாகரத்துக் கட்டைச் சம்பந்தப்பட்டவர்களும் அவர்கள் வக்கீலும் தவிர மற்றவர்கள் பார்க்க 100 வருடம் ஆக வேண்டும்.

பெரியம்மா: நியூயார்க்கிலேயே செய்திருக்கலாம்.

செந்தில் சித்தப்பா: 😂😂

கவிதா, சான் ஹோசே: அத்தை, இதோடு என் சந்தேகத்தையும் தீர்த்துவிடுங்கள். சிட்டிசன்ஷிப் போடப் போகிறேன். ஹூஸ்டனில் படித்தபோது ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினேன். அதற்கான என்-400 படிவத்தில் அதையும் எழுத வேண்டும் என்கிறார்கள். அதற்கும் கோர்ட் காகிதம் வேண்டுமா? டிஸ்ட்ரிக்ட் கிளார்க் தளத்தில் தேடினேன், இல்லை.

சுமதி அத்தை: அங்கே இருக்காது. டிக்கெட்டைக் கொடுத்தது யார்? ஹூஸ்டன் நகர போலீஸ் என்றால் முனிசிபல் கோர்ட். கான்ஸ்டபிள், ஷெரிஃப் ஆட்கள், மாநில ட்ரூப்பர் என்றால் ஜேபி கோர்ட், அதாவது ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்னும் சின்ன வழக்கு கோர்ட். ஹாரிஸ் கவுன்ட்டியில் ஜேபி கோர்ட் மட்டும் 16 இருக்கிறது. டிக்கெட்டின் படம் போனில் இருந்தால் பார், எந்த கோர்ட் என்று அதிலேயே அச்சடித்திருக்கும்.

படிவத்தில் கேட்டால் மறைக்காமல் எழுது. டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு முடித்து டிஸ்மிஸ் ஆகியிருந்தாலும் எழுது. ஆனால் கைது இல்லை, குடி, போதைமருந்து சம்பந்தம் இல்லை, அபராதம் 500 டாலருக்குக் கீழே என்றால் காகிதம் இணைக்க வேண்டாம் என்று அந்தப் படிவத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. மனசு கேட்காவிட்டால் டிஸ்பொசிஷன் என்று கேட்டு வாங்கு, வழக்கு எப்படி முடிந்தது என்று சொல்லும் காகிதம் அது. பழைய டிக்கெட் காகிதங்களைச் சில வருடம் கழித்து அழித்திருப்பார்கள். அப்போது "எங்களிடம் பதிவு இல்லை" என்று அந்த கோர்ட்டிலிருந்தே சான்றிட்ட கடிதம் வாங்கிக்கொள்.

கவிதா: 120 டாலர்தான் கட்டினேன். அப்பாடா. கலிஃபோர்னியாவில் என் தோழிக்கு டைவர்ஸ் டிக்ரி வேண்டுமாம், அங்கே எப்படி?

சுமதி அத்தை: அங்கே கவுன்ட்டி கோர்ட் என்றே இப்போது கிடையாது. 58 கவுன்ட்டிக்கும் ஆளுக்கொரு சுப்பீரியர் கோர்ட். விவாகரத்து டிக்ரி சான்றிட்ட காப்பிக்கு 15 டாலர். வழக்குப் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம், ஆனால் குடும்ப வழக்குக் காகிதங்களை வீட்டிலிருந்து திறக்க விட மாட்டார்கள். கோர்ட்டுக்குப் போகச் சொல், அல்லது தபாலில் கேட்கச் சொல்.

*அடுத்த வாரம்*

கார்த்திக்: காப்பி வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் கிளார்க் முத்திரை. படம் போட்டிருக்கிறேன், பெரியப்பா பாருங்கள்.

பெரியப்பா: பார்த்தேன். நம் ஊர் நகலில் மனு போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் எழுதியிருப்போம். இதில் ஒன்றுமே காணோம். சரி, அவர்கள் வழக்கம்.

எனக்கு வேண்டியது வேறு. உன் முதல் கல்யாணம் இந்து முறையில் இங்கே நடந்தது. வெளிநாட்டு கோர்ட் கொடுத்த டிக்ரி இங்கே செல்லுமா என்பதற்கு சிவில் நடைமுறைச் சட்டம் 13-வது பிரிவு இருக்கிறது, 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இருக்கிறது. ஒரு தரப்பு வராமலே, சம்மதிக்காமலே வாங்கிய டிக்ரி என்றால் இங்கே தகராறு வரும். இரண்டு பேரும் மனதோடு அந்த கோர்ட்டுக்கு உட்பட்டு, டிக்ரிக்குச் சம்மதித்திருந்தால் பயமில்லை. நீ கோர்ட்டுக்குப் போனாயா? அது காகிதத்தில் இருக்கிறதா?

கார்த்திக்: போனேன் பெரியப்பா. முதல் பக்கத்தில் அப்பியரன்சஸ் என்று தலைப்பு. மனுதாரர் நேரில் வந்தார், எதிர்மனுதாரர் நேரில் வந்தார், இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நீதிபதி கையெழுத்துக்குக் கீழே எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது.

பெரியப்பா: அது போதும். அந்த இரண்டு பக்கத்தையும் தனியாக நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. நம் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சார்பதிவாளர் ஆபீஸில் காட்டுகிறேன்.

சுமதி அத்தை: இனி அப்போஸ்டில், அதாவது காப்பி உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று. அது கோர்ட்டில் கிடையாது, டெக்சாஸ் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ் தரும். நல்லவேளை, உன் ஊரிலேயே இருக்கிறது. ஒரு ஆவணத்துக்கு 15 டாலர். எந்த நாட்டுக்கு என்ற இடத்தில் இந்தியா என்று எழுது. இந்தியா 2005-லிருந்து அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் கான்சலேட்டில் போய்த் தனியாக முத்திரை வாங்க வேண்டாம். காப்பியின் ஸ்டேபிளைப் பிரித்து ஸ்கேன் எடுக்காதே, பிரித்தால் அவர்கள் ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

கார்த்திக்: ஸ்கேனுக்குப் பிரிக்கத்தான் இருந்தேன் அத்தை. ஒரு காப்பி போதுமா?

சுமதி அத்தை: இன்னும் இரண்டு வாங்கு. ஒன்று அப்போஸ்டிலோடு பெரியப்பாவுக்கு. ஒன்று மும்பை விசா நேர்காணலுக்குக் கல்யாணப் பெண் கையில். ஐ-130-க்கு ஜெராக்ஸ் போதும். மூன்றாவது உன் வீட்டில் இருக்கட்டும்.

பெரியப்பா: எனக்கு உள்ளதைக் கூரியரில் அனுப்பாதே. வரும்போது கைப்பையில் வைத்துக் கொண்டு வா.

பெரியம்மா: அப்படியே பாதாமும் இரண்டு பாக்கெட்.